ரஹ்மத்துல்லாவின் துஆ

பிற்பகல் அஸர் தொழுகை முடிந்து கையேந்தி துஆ கேட்ட ரஹ்மத்துல்லா, பள்ளிவாசலுக்குள் யார் இப்படிக் கத்துகிறார்கள் என்று திரும்பிப் பார்த்தார்.

யாரும் கத்தவில்லை. அவர் வாயை மூடியதும் சத்தமும் நின்றுவிட்டது.

மறுபடி "யா அல்லா" என்றார். அதே சத்தம்.

எண்பத்திரண்டாம் வருஷம் மூளைக்காய்ச்சல் வந்து இரண்டு காதும் போயின. ஆறு வருஷம் கழித்து, பெரிய ஆஸ்பத்திரியில் சோதனைக்காக இனாமாக ஆபரேஷன் செய்து காதுக்குள் ஒரு கருவி வைத்தார்கள். அதன் பெட்டி சட்டைப்பையில் இருந்தது. அன்று காலையில்தான் முடுக்கினார்கள். பேச்சு விளங்காது, ஆனால் உங்கள் குரல் ஏறுவதும் இறங்குவதும் தெரியும் என்று டாக்டரம்மா எழுதிக் காட்டினார்.

பேசும்போது தாம் கத்துவது அவருக்குத் தெரிந்ததுதான். மனைவி மெஹராஜ் வாயில் விரல் வைத்துக் காட்டியே அலுத்துப்போனவள். ஆனால் துஆ அவருக்கும் ஆண்டவனுக்கும் நடுவே. அதில் உதடு மட்டுமே அசைகிறது என்று நம்பியிருந்தார்.

ஆறு வருஷமாகத் தாராவிக்கே தண்டோரா போட்டிருக்கிறார்.

என்னென்ன கேட்டோம் என்று நினைத்தபோது உடம்பு கூசியது. மூலம் குணமாக வேண்டும் என்று கேட்டது போகட்டும். மாமியார் சீக்கிரம் ஊருக்கு ரயிலேற வேண்டும் என்று கேட்டதும் போகட்டும்.

மூன்று வருஷத்துக்கு முந்திய நோன்பில் அவருடைய தோல்பைப் பட்டறை ஈயாடியது. எதிர்ப்பட்டறை ஹனீபுக்குப் போகும் கொலாபா கடை ஆர்டரை எனக்குத் திருப்பிவிடு என்று அழுது கேட்டார்.

மூன்றாம் நாள் கொலாபா கடை சேட்டே வந்து வாசலில் நின்றார். ஆண்டவன் கொடுத்தான் என்று ரஹ்மத்துல்லா பெருநாளன்று தெருவுக்கே நெய்ச்சோறு ஆக்கிப் போட்டார். ஹனீப் வீட்டுக்கும் ஒரு சட்டி போனது. அவனை ஜெயித்துவிட்டோம் என்று உள்ளுக்குள் ஒரு குஷி வேறு.

அன்று அந்தக் கொலாபா சேட்டை அனுப்பியது யார் என்று இப்போது தெரிந்துவிட்டது.

அந்த ஹனீப் இப்போதும் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். அந்த நோன்பிலும் இதே இடம்தான். ரஹ்மத்துல்லா முடிக்கும்வரை அவர் ஒருநாளும் எழுந்ததில்லை. நல்ல பக்திமான் என்று ரஹ்மத்துல்லா நினைத்திருந்தார்.

வெட்கத்தில் நிமிர முடியவில்லை. குரலைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கினார். காதுக்குள் சத்தம் அடங்கி, உதடு மட்டும் மிஞ்சியது.

ஹனீப் குனிந்து முகத்தைப் பார்த்தார்.

"என்ன பாய், தொண்டை கட்டிட்டா? ஒண்ணுமே காதுல விழ மாட்டேங்குதே."

உதட்டசைவில் அதைப் புரிந்துகொண்ட ரஹ்மத்துல்லா, ஒன்றுமில்லை என்று தலையாட்டினார். கண் நிறைந்துவிட்டது.

மூன்று வருஷத்துக்குப் பிறகு அவருடைய துஆவில் இரண்டாம் முறையாக ஹனீபின் பெயர் வந்தது. இந்த முறை அது ஹனீபுக்குக் கேட்கவில்லை.