பக்கத்துப் படுக்கைக்காரர்

“வாத்தியாரே, உங்கிட்ட படிச்சவன் எவனாவது உருப்பட்டிருக்கானாய்யா?”

டயாலிசிஸ் ஊசியைக் குத்தி முடித்ததுமே பக்கத்துப் படுக்கைக்காரர் ஆரம்பித்துவிட்டார்.

அப்பா சும்மா இருப்பாரா? “போய்யா! காலமெல்லாம் பஸ்ஸுல விசில் ஊதினவன்தானே நீ!”

மகளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒவ்வொரு தடவையும் இதே கூத்து. மெஷின் நிற்கிறவரை அந்த ஆளின் வாயும் நிற்காது.

நேரே நர்ஸிடம் போனாள்.

“மனுஷனா அவர்? படுத்துக் கிடக்கிறவங்ககிட்டயா வம்பு வளர்ப்பாரு? அப்பாவை வேற படுக்கைக்கு மாத்துங்க.”

“அங்கேயே இருக்கட்டுமே...” நர்ஸ் இழுத்தாள்.

“மாத்துறீங்களா, இல்ல பெரிய டாக்டர்கிட்ட போகவா?”

அடுத்த முறை அப்பாவுக்கு ஜன்னலோரம் இடம் கிடைத்தது. அந்த ஆளுக்கும் அவருக்கும் நடுவில் ஒரு திரை. அப்பாடா என்றிருந்தது மகளுக்கு.

பாதியில் அப்பாவின் கெண்டைக்கால் சுண்டி இழுத்தது. “ஐயோ!” என்று துடித்தார்.

நர்ஸ் ஓடிவந்து மெஷினைச் சரிபார்த்தாள். பாதத்தை மேல்நோக்கி மெல்ல வளைத்துப் பிடித்தாள். வெந்நீர்ப் பை வைத்தாள்.

“ஒரு வலி மாத்திரை தரக் கூடாதா? கல்நெஞ்சா உங்களுக்கு?”

“தொட்டதுக்கெல்லாம் மாத்திரை இவருக்கு ஆகாதும்மா. இது அடங்குற வரைக்கும் ஏதாவது பேசி மனசைத் திருப்புங்க.”

பேசினாள். ஒன்றும் அப்பா காதில் ஏறவில்லை.

திரைக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது. “என்ன வாத்தியாரே, முனகல் பலமா இருக்கு? வாய்ப்பாடு மறந்துபோச்சோ?”

“யாருக்குய்யா மறந்துச்சு?” அப்பா தலையைத் தூக்கினார். “பதினேழாம் வாய்ப்பாட்டைத் தலைகீழாச் சொல்றேன், கேளு!” ஆரம்பித்தேவிட்டார்.

மகளுக்கு ரத்தம் கொதித்தது. துடிக்கிறவரைப் பார்த்துக் கேலியா? திரையை விலக்கிக்கொண்டு பாய்ந்தாள்.

“உங்களுக்கு நெஞ்சுல ஈரமே கிடையாதா?”

அவர் கட்டில் கம்பியை இறுகப் பிடித்திருந்தார். அவருடைய காலும் சுண்டி விறைத்துக் கிடந்தது. கடித்த உதட்டில் ரத்தம் கசிந்தது.

“என்னை அப்புறமா திட்டும்மா...” மூச்சு வாங்கியது அவருக்கு. “வாத்தியார் வாய்ப்பாட்டுல இருக்காரு. அது முடியிற வரைக்கும் அவருக்கு வலி தெரியாது.”