ராட்டினத்துக்குப் பட்டுப்புடவை

"நூல் புடவை கட்டிக்கிட்டு வாங்க, பட்டு வேண்டாம்னு வீடு வீடா வந்து சொன்னேனா இல்லியா?"

கல்யாணசுந்தரியின் குரல் கடற்கரை மைதானம் முழுக்கக் கேட்டது.

குரும்பகரம் மாதர் சங்கத்துக்கு அவள்தான் செயலாளர். காரைக்காலில் கோடைப் பொருட்காட்சி போட்டிருக்கிறார்கள், ராட்சத ராட்டினம் வந்திருக்கிறது என்று தெரிந்ததும் பதினெட்டுப் பெண்களைத் திரட்டி டவுன் பஸ்ஸில் ஏற்றிக் கூட்டி வந்தவளும் அவள்தான். அக்கினி நட்சத்திரம். மூன்று மணி வெயில் மண்டையைப் பிளந்தது. போன வருஷம் நைலக்ஸ் புடவை கட்டி வந்த ஒருத்தி மயங்கி விழுந்து, எல்லாரும் ஒன்றையும் பார்க்காமல் திரும்ப வேண்டியதாயிற்று. அதனால் இந்த வருஷம் உடை விஷயத்தில் படு கறார்.

பதினேழு பேர் சொன்னபடி வந்திருந்தார்கள். பதினெட்டாவது ஆள் பெரியநாயகி.

அரக்கு நிறத்தில் காஞ்சிபுரம் பட்டு. ஒரு முழ அகலத்துக்குச் சரிகை. தலை கொள்ளாமல் கதம்பம். அந்தக் கோலத்தோடு ராட்டினத்தில் ஏறி நாலு சுற்று சுற்றிவிட்டு, இறங்கினதும் தலையைப் பிடித்துக்கொண்டு மணலில் உட்கார்ந்துவிட்டாள். வியர்வையில் ரவிக்கை தெப்பமாக நனைந்திருந்தது. யாரோ சோடா வாங்கிக் கொடுத்தார்கள்.

"மன்னிச்சுக்குங்கக்கா. அவருதான் பட்டே கட்டிக்கன்னு ஒத்தக் கால்ல நின்னாரு."

"ஏண்டி, அவரு மேல பழியப் போடுறே? போன வாரம் ரேஷன் கடை வரிசையில மயில்கழுத்துப் பட்டோட நின்னியே, அதுவும் அவரு சொல்லியா? முந்தாநாளு மாவு மில்லுக்குப் பச்சைப் பட்டு! ஊரே சிரிக்குது. நாப்பது வயசுக்கு மேல என்னடி மினுக்கு?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். பெரியநாயகியின் கண்ணில் நீர் கோத்துக்கொண்டது.

"இன்னொரு தடவை பட்டைக் கட்டிக்கிட்டு எங்கூட வந்தே, பஸ்ஸுல ஏத்த மாட்டேன். ஆமா!"

தீர்ப்பைச் சொல்லிவிட்டு, சர்பத் குடிக்கலாமென்று நடந்தாள் கல்யாணசுந்தரி. கடைக்குப் பக்கத்தில் பூவரச மரத்தடியில் சண்முகசுந்தரம் உட்கார்ந்திருந்தார். பெரியநாயகியின் புருஷன். பெண்கள் கூட்டத்தோடு நானும் வருவேன் என்று ஒட்டிக்கொண்டு வந்த ஒரே ஆம்பளை. பஸ்ஸில் அதற்கே எல்லாரும் கேலி பண்ணியிருந்தார்கள்.

"தங்கச்சி, ஒரு நிமிஷம்."

"வாங்கண்ணே, நல்ல நேரத்துலதான் கூப்பிட்டீங்க. உங்க வீட்டுக்காரிய நீங்களாவது கண்டிக்கக் கூடாதா?"

"நாந்தான் கட்டச் சொன்னேன் தங்கச்சி. ரேஷன் கடைக்கும் நாந்தான் சொன்னேன்."

கல்யாணசுந்தரி அப்போதுதான் அவரைச் சரியாகப் பார்த்தாள். சட்டைக்குள் ஆளே இல்லை. கழுத்து எலும்பு துருத்திக்கொண்டு நின்றது.

"நெலத்து விஷயமா பாண்டிச்சேரி போனேன்னு அவகிட்டச் சொல்லியிருக்கேன். நெலமும் இல்ல ஒண்ணும் இல்ல. பெரிய டாக்டரைப் பாக்கத்தான் போனேன். வயித்துல கட்டி. முத்திப் போச்சாம். ஆடி தாண்டுறது கஷ்டம்னுட்டாரு."

"அண்ணே..."

"அவளுக்குத் தெரியாது. தெரிஞ்சா இப்பவே படுத்துடுவா." துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "கல்யாணம் ஆனதுலேருந்து வாங்கிக் குடுத்த பட்டெல்லாம் பொட்டியிலயே கெடக்கு. நல்ல நாளுக்கு, நல்ல நாளுக்குன்னு எடுத்து எடுத்து வச்சா. இனிமே அவளுக்கு நல்ல நாளு ஏது? பொட்டை அழிச்சு வெள்ளையக் குடுத்துடுவீங்க. அதுக்குள்ள அத்தனையையும் அவ கட்டி நான் பாத்துடணும். கிறுக்குப் பய ஆசைன்னு வச்சுக்கங்களேன்."

கல்யாணசுந்தரி சர்பத்துக்கு எடுத்த சில்லறையை முந்தானையில் முடிந்துகொண்டாள்.

"நீங்க திட்டுனதுல பயந்துட்டா. நாளைலேருந்து கட்ட மாட்டா. அதான் உங்ககிட்டச் சொல்றேன். நான் போனப்புறம் அவ ஒரு பட்டை எடுத்து உடுத்துனா, மொதல்ல வந்து கேக்குற ஆளு நீங்கதானே தங்கச்சி?"

அவர் கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. உள்ளூர்த் தியாகராசன் செத்த ஆறாம் மாசம் அவன் பெண்சாதி நீலப் புடவையில் சங்கத்துக்கு வந்தபோது, வாசலிலேயே நிறுத்திக் கேள்வி கேட்டவள் கல்யாணசுந்தரி. அந்தப் பெண் அதற்கப்புறம் சங்கத்துப் பக்கமே வரவில்லை. நல்லதைத்தான் செய்தோம் என்று இத்தனை நாள் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டிருந்தாள்.

சர்பத் குடிக்கவில்லை. திரும்பி நடந்தாள்.

பெரியநாயகி எழுந்து நின்று, சரிகையில் ஒட்டின மணலைத் தட்டிக்கொண்டிருந்தாள். இவளைக் கண்டதும் பதறினாள்.

"இனிமே பட்டே எடுக்க மாட்டேன்க்கா. சத்தியமா. இன்னும் மூணு புதுசு மடிப்புக் கலையாம இருக்கு. தீபாவளிக்கு ஒண்ணு, பொங்கலுக்கு ஒண்ணுன்னு கட்டிக்கிறேன்."

கல்யாணசுந்தரி அவள் தலையில் சரிந்திருந்த கதம்பத்தை நேராக்கிவிட்டாள்.

"அவ்வளவு நாளெல்லாம் வச்சிருக்காதடி. இந்த வாரமே கட்டிடு."