புள்ளி ரசீது

ராஜபாளையம் பார்வையற்றோர் நூலகத்தில் டெலிபோன் ஆபரேட்டர் வகுப்பு நின்று ஆறு மாதமாகிவிட்டது. அழைப்புகளை இணைத்துப் பழகும் டெலிபோன் போர்டு பழுது. புதிதுக்கு ஐம்பதாயிரம் வேண்டும். பத்து இளைஞர்கள் இன்னும் பஸ் பிடித்து வந்து, செத்துப்போன போர்டின் வயர்களைத் தடவிவிட்டுப் போனார்கள். அதைப் பார்க்கும்போதெல்லாம் நூலகர் தங்கபாய்க்குத் தன் கண்கள் மேலேயே கோபம் வரும்.

அன்று பஞ்சு மில் முதலாளி தனுஷ்கோடி நன்கொடையோடு வந்தார்.

"டீச்சரம்மா, தாரது ஐயாயிரம். ரசீது அம்பதாயிரத்துக்குப் போடுங்க. வரியில கழிச்சுக்கிடுதேன்."

"பொய் ரசீதா அண்ணாச்சி?"

"மையில எழுதுனாத்தான பொய்யி? ஒங்க புள்ளி எழுத்துல குத்திக் குடுங்க. எந்த ஆபீசரு தடவிப் பாக்கப் போறான்? கண்ணுல ஒத்திக்கிட்டு பைல்ல வச்சுருவான்."

"மாட்டேன்னா?"

"சேத்தூர்க் கோயிலுக்கு மைக் செட்டு கேக்காவ. அங்க குடுத்துட்டுப் போறேன்."

தங்கபாய் யோசித்தாள்.

"எந்த ஆபீசுல குடுப்பிய?"

"ஸ்ரீவில்லிபுத்தூர் வரி ஆபீசுல. ஏன்?"

"சும்மாதான் கேட்டேன்."

பிள்ளைகளுக்காகப் பத்துக் கட்டளைகளைக் குத்திய அதே ஊசியை எடுத்தாள். தயங்காமல் குத்தத் தொடங்கினாள். நான் இப்படிப்பட்டவள்தானா என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. குத்தி முடித்து, சீல் வைத்து, கையெழுத்தும் போட்டாள்.

"அம்பதாயிரம் எங்க இருக்கு?"

"அம்புட்டும் இருக்கு அண்ணாச்சி. தடவிப் பாருங்க."

அவர் திருப்தியாகத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

மூன்றாம் வாரம் மஞ்சள் பையோடு வியர்த்து வந்து நின்றார்.

"இப்படிப் பண்ணிட்டியளே! ஆபீசரு யாரையோ கூப்பிட்டு வாசிக்கச் சொல்லிட்டாரு. 'வரவு ஐயாயிரம். மீதி நாற்பத்தைந்தாயிரம் இம்மாதத்துக்குள் தருவதாக வாக்கு.' வெள்ளிக்கிழமைக்குள்ள மீதிக்கு ரசீது காட்டலன்னா கேஸாம்! இந்தாங்க, மீதிப் பணம். தயவுசெஞ்சு மையில எழுதுங்க."

அவள் மையிலேயே எழுதிக் கொடுத்தாள். அவருடைய கார் தெருமுனை திரும்பியதும் வரி ஆபீசுக்கு டெலிபோன் செய்தாள். முதல் மணியிலேயே ஆபரேட்டர் எடுத்தான்.

"போர்டு வாங்கிரலாம்டா சங்கையா. நல்லா வாசிச்சியாமே!"

மறுமுனையில் சிரித்த சங்கையா, அந்தப் பழைய போர்டைத் தடவித் தடவித் தொழில் கற்று, முதலில் வேலைக்குப் போனவன்.