குருவி மார்க் மீது ஒரு புகார்

கிடாரின் நாதம் மரத்திலிருந்து பிறக்கிறது என்று பரவலாக நம்பப்படுகிறது. இது பெரும் பிழை. கடைக்காரர்களைக் கேட்டுப் பாருங்கள். அது பக்கத்தில் நின்று குறை சொல்பவரின் வாயிலிருந்து பிறக்கிறது.

கிடார் விற்கும் இந்தக் கடைக்கார அம்மாவுக்கும் அப்படி ஒருவர் வாய்த்திருந்தார். நங்கூரம் மார்க் கம்பெனியில், கிடாரின் வயிற்றுக்குள் தாங்குகட்டை ஒட்டும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கடையில் அவருக்கு நங்கூரத்துக்காரர் என்றே பெயர்.

வாரம் தவறாமல் வருவார். போட்டிக் கம்பெனியான குருவி மார்க் கிடார்களை ஒவ்வொன்றாக எடுப்பார். முதலில் அதன் தலையைத் தடவுவார். பிறகு வாசிப்பார். பிறகு திட்டுவார்.

"நங்கூரம் அடிவயித்துலேர்ந்து பேசும்மா. இது மூக்கால பேசுது."

"மெதுவாய்யா, ஆள் இருக்காங்க."

"நங்கூரம் யோசிச்சுப் பதில் சொல்லும். குருவி, கேக்கறதுக்கு முன்னாடியே பதில் சொல்லும்."

"அதைச் சொல்லித்தான் நான் விக்கிறேன்!"

கிடாரும் கையுமாக நின்ற வாடிக்கையாளர் தயங்கினார். "கழுத்து மெல்லிசா, பிடிக்கச் சுகமா இருக்கே சார்?"

"துடைப்பக்கட்டைகூட மெல்லிசுதான்."

வீட்டில் கேட்டுவிட்டு வருவதாகச் சொல்லிப் போன வாடிக்கையாளர் திரும்பவில்லை.

"என் பொழப்புல மண்ணைப் போடத்தான் வர்றீங்களா?" என்றார் கடைக்கார அம்மா. நங்கூரத்துக்காரர் அதற்குள் அடுத்த கிடாரின் தலையைத் தடவிக்கொண்டிருந்தார்.

அந்தக் கை சட்டென்று நின்றது.

மற்ற கிடார்களின் தலையில், திருகில் சுற்றியது போக மிஞ்சிய கம்பி நுனிகளை ஒட்ட நறுக்கியிருந்தார்கள். இதில் மட்டும் ஒவ்வொரு நுனியும் குட்டி வளையமாகச் சுருண்டிருந்தது. ஒவ்வொரு வளையத்தையும் விரலால் சுற்றி வந்தார். பிறகு உட்கார்ந்து வாசித்தார். ஒலி அடங்கும்வரை கிடாரின் வயிற்றோடு காதைச் சாய்த்திருந்தார். திட்டவே இல்லை.

"என்னய்யா, இன்னிக்கு மூக்கா, தொண்டையா?"

"இது மேல புகார் குடுக்கணும்."

குருவி கம்பெனியில் ஒரு வழக்கம் உண்டு. யார் கம்பி ஏற்றிச் சுருதி சேர்த்து அனுப்பினாரோ, புகார் வந்தால் அவரே கடைக்கு நேரில் வந்து பார்க்க வேண்டும்.

"என்ன குறை?"

"மூணாவது கம்பி கம்முது."

கடைக்கார அம்மா மீட்டினார். கணீரென்றது.

"அந்த வேலை பாத்த பிள்ளை பேர்ல கரும்புள்ளி வைப்பாங்கய்யா. பாவம் இல்லையா?"

அவர் முகம் மாறியது. "வந்து பாத்து, குறை இல்லேன்னா?"

"அப்போ புள்ளி கிடையாது."

"அப்படின்னா வரச் சொல்லுங்க. குறை ஒண்ணும் இருக்காது."

"இல்லேன்னா எதுக்குய்யா புகார்?"

"வர்ற அன்னிக்கு நானும் இங்க இருக்கலாம் இல்ல?"

அடுத்தவர் பெற்ற பிள்ளையைச் சும்மா அலையவிட்டு வேடிக்கை பார்க்க இந்த மனிதருக்கு எவ்வளவு ஆசை என்று நினைத்துக்கொண்டே கடைக்கார அம்மா போனை எடுத்தார்.

குறித்த நாளில் கடை திறக்கும் முன்பே நங்கூரத்துக்காரர் வந்துவிட்டார். சட்டை இஸ்திரி போட்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் கருவிப் பையோடு ஓர் இளம்பெண் வந்தாள். அவரைப் பார்த்ததும் வாசற்படியிலேயே நின்றுவிட்டாள்.

"இவர்தாம்மா புகார் குடுத்தவர். நாலு கேள்வி நல்லாக் கேளு," என்றார் கடைக்கார அம்மா.

"தெரியும். எங்கப்பா."

கடைக்கார அம்மா, ஏற்கெனவே துடைத்திருந்த கிடாரை எடுத்து மறுபடி துடைக்க ஆரம்பித்தார்.

"குருவி வாசல்ல கால் வெச்சா என் வாசல்ல வைக்காதேன்னு சொன்னீங்க," என்றாள் மகள். "அங்க சேர்ந்த நாள்லேர்ந்து நானும் வைக்கல."

"சொன்னேன்தான்." அவர் தரையைப் பார்த்தார். "இளைச்சுட்டியேம்மா."

"குருவி அப்படித்தான் இருக்கும்."

அவருக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கலாமா என்று தெரியவில்லை.

"என் கை பட்ட கிடார்னு எப்படித் தெரிஞ்சுது?"

அவர் வளையங்களைக் காட்டினார். "சின்ன வயசுல கம்பி உன் விரல்ல குத்திடுச்சுன்னு, நம்ம வீட்டுக் கிடார்ல நான்தானே இப்படிச் சுருட்டி வெச்சேன்? நீ அங்க கம்பி ஏத்துற வேலைல இருக்கேன்னு கேள்விப்பட்டேன். என்னிக்காவது உன் கிடார் ஒண்ணு இந்தக் கடைக்கு வராதான்னு..."

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். "எந்தக் கம்பி?"

"மூணாவது."

மீட்டினாள். கணீர். திருகைத் தொட்டுப் பார்த்து மறுபடி மீட்டினாள். கணீர்.

"குறை இல்லேன்னு சொல்லிடும்மா," என்று அவர் அவசரப்பட்டார். "புள்ளி வெச்சிடுவாங்களாம்."

அவள் இன்னொரு தடவை மீட்டினாள். அவரைப் போலவே கிடாரின் வயிற்றோடு காதைச் சாய்த்து, ஒலி அடங்கும்வரை கேட்டாள். பிறகு கடைக்கார அம்மா பக்கம் திரும்பினாள்.

"கம்முதுங்க."

"எங்கம்மா கம்முது?"

"என் கைத்தப்புதான். புள்ளி வெச்சா வெக்கட்டும். ஆனா ஒரே நாள்ல சரியாகாது. வாராவாரம் வந்து பாக்கணும். புகார் குடுத்தவரும் கூட இருக்கணும். கம்பெனி விதி."

இத்தனை வருஷமாகக் குருவி கிடார் விற்கும் கடைக்கார அம்மா அப்படி ஒரு விதியைக் கேள்விப்பட்டதே இல்லை.

அன்று மாலை ஒருவர் வந்தார். எல்லாக் கிடார்களையும் வாசித்துப் பார்த்துவிட்டு, வளையம் சுருண்ட அந்தக் கிடாரை எடுத்து மேஜை மேல் வைத்தார்.

"இது விக்கிறதுக்கில்லைங்க," என்றார் கடைக்கார அம்மா. "மூணாவது கம்பி கம்முது."