பஞ்சுக்கு அடியில்

நாடா அவிழ்ந்து, என் வயிற்றுப் பஞ்சு மூட்டை மறுபடியும் சரிந்தது. தங்கமணி இழுத்துக் கட்டினாள்.

ஆஸ்பத்திரியோடு சேர்ந்த நர்சிங் கல்லூரியில் செய்முறைத் தேர்வு. நான் நடிப்பு நோயாளி, ஏழு மாதக் கர்ப்பிணி. சக்கர நாற்காலிக்கு மட்டும் நடிப்பு தேவையில்லை. பிறந்ததிலிருந்தே என் கால்கள் அப்படித்தான். அட்டெண்டர் தங்கமணிக்கு என் அம்மா வேஷம். ஊனமுள்ள பெண்ணிடம் மாணவர்கள் எப்படிப் பழகுகிறார்கள் என்று திரைக்குப் பின்னாலிருந்து பார்த்து ஆசிரியை மதிப்பெண் போடுவார்.

பஞ்சுக்கு அடியில் எனக்கு நிஜமாகவே மூன்று மாதம்.

அது எனக்கும் என் கணவன் ஷிபுவுக்கும் மட்டும்தான் தெரியும். இடுக்கி மலையில் எங்களுக்கு இந்த ஆஸ்பத்திரியை விட்டால் வேறு போக்கிடமில்லை. கலைக்கச் சொல்லிவிடுவார்களோ என்ற பயத்தில் இன்னும் சீட்டுகூட எடுக்கவில்லை.

மணி அடித்தது. முதலில் வந்தவன் என் சாப்பாட்டைப் பற்றித் தங்கமணியிடம் விசாரித்தான். அடுத்தவள் என் கன்னத்தைத் தட்டிக் கொஞ்சினாள். படிப்பு முடிந்து நர்ஸ் வேலைக்கு அயர்லாந்துக்கு விமானம் ஏறும்வரை பிரசவ அறையில் நிற்கப்போவது இதுகள்தானே!

கடைசியாக ஜின்ஸி வந்தாள். ஸ்டூலை இழுத்துப் போட்டு என் கண்ணுக்கு நேராக உட்கார்ந்தாள்.

"தொட்டுப் பாக்கட்டுமா சேச்சி? கை ஜில்லுனு இருக்கும், திட்டக்கூடாது. சேட்டன் வரலையா, உங்க வீட்டுக்காரர்? அடுத்த தடவை அவரையும் கூட்டிட்டு வாங்க."

தங்கமணி பக்கம் அவள் திரும்பவே இல்லை. பயமாக இருக்கிறதா என்று அவள் கேட்டபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. நன்றாக நடிக்கிறேன் என்று ஆசிரியை நினைத்திருப்பார்.

கடைசி மணி அடித்ததும் ஆசிரியை எழுந்து போனார்.

இவள் ஒருத்தி பக்கத்தில் நின்றால் போதும், பெற்றுவிடுவேன் என்று தோன்றியது. ஜின்ஸியின் கையைப் பிடித்துப் பஞ்சுக்கு அடியில் வைத்தேன். நிஜமாகவே மூன்று மாதம் என்றேன்.

சிரித்தாள். என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. கையை மெல்ல உருவிக்கொண்டாள்.

பிறகு எழுந்து, என் தலைக்கு மேலாகத் தங்கமணியிடம் குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"அய்யோ, எந்தப் பாவி பண்ணின வேலை இது? போலீஸ்ல சொல்லிட்டீங்களா?"