நாற்பத்தேழாம் எண் தட்டு

"நாற்பத்தேழை மட்டும் இன்னிக்கு விட்டுவைங்க மேடம்."

கிருமித் தட்டுகளை வேகவைத்துக் கொட்டுவதற்காக ஆட்டோகிளேவின் மூடியைத் திறந்துகொண்டிருந்த தலைமை ஆய்வாளர் திரும்பிப் பார்த்தார்.

"வச்சுக் கும்பிடவா? எந்த மருந்துக்கும் அசையாத கிருமின்னு ஏழு மாசமா வளர்க்கச் சொன்னேன். இன்னிக்குச் சோதிச்சா, மருந்து வில்லையைச் சுத்தி ஒரு புள்ளிகூட முளைக்கல. வழிச்சு விட்ட மாதிரி இருக்கு!"

டெக்னீஷியன் தலைகுனிந்து நின்றாள். பக்கத்து மேசைக்காரி சிரிப்பை அடக்கிக்கொண்டு, "தாலாட்டு ஒண்ணுதான் பாடல மேடம். லீவு நாள்லகூட வந்து தட்டு மாத்துவா. ஏன்னு கேட்டா வாயைத் திறக்க மாட்டா, கல்லுளிமங்கி" என்றாள்.

"நீ சும்மா இரு. ஏம்மா, தட்டுல மருந்து கலந்துதானே வளர்த்தே?"

"இல்ல மேடம்."

ஆய்வாளர் நெற்றியில் அடித்துக்கொண்டார்.

"இது எத்தனையோ பேர் மூக்குல சும்மா கிடக்கிற கிருமி. வேற எதுவோ ஒரு கிருமி இதுக்குப் பிளாஸ்மிட்டுன்னு ஒரு குட்டி வளையத்தைக் கொடுத்திருக்கு. மருந்தை முறிக்கிற ஜீன் அதுலதான் இருக்கு. மருந்து இருந்தாத்தான் வளையத்தைக் கட்டிக் காக்கும். இல்லைன்னா வீண் சுமைதானே? ரெண்டா பிரியும்போது ஒண்ணு உதறிட்டுப் போயிடும். பன்னிரண்டு வருஷமா இந்த வேலை பார்க்கிற உனக்கு இது தெரியாதா?"

"தெரியும் மேடம்."

"தெரிஞ்சுமா!"

அவள் இங்கே மாதிரிகளை அனுப்புகிற பெரிய ஆஸ்பத்திரியில் நல்ல வேலையில் இருந்தவள்; அதை விட்டுவிட்டுக் குறைந்த சம்பளத்துக்கு இங்கே வந்து சேர்ந்தாள். நாற்பத்தேழை முதல் நாளே கேட்டு வாங்கிக்கொண்டாள். வேலையில் இத்தனை ஆசையா என்று ஆய்வாளர் அப்போது மகிழ்ந்துபோனார். இங்கே வரும் மாதிரிகளில் நோயாளியின் பெயர் இருக்காது, எண் மட்டும்தான்.

"சரி, தொலையுது. மூலக் கிருமி ஃப்ரீஸர்ல பத்திரமா இருக்கு. அதை எழுப்பி, ஒழுங்கா மருந்து போட்டு முதல்லருந்து வளர்த்துடு. இதைக் கொட்டு."

அவள் தட்டை இரண்டு கைகளாலும் பற்றிக்கொண்டாள். நடுவே வெள்ளை வில்லை. அதைச் சுற்றித் தெளிந்த வட்டம். அதற்கு அப்பால்தான் பொன்னிறமாய்க் கிருமிகள். காலையிலிருந்து எத்தனை தடவை பார்த்தும் அவளுக்கு ஆசை தீரவில்லை.

"ஃப்ரீஸர்ல இருக்கிறதை என்னால எழுப்ப முடியாது மேடம். வேற யார்கிட்டயாவது கொடுத்துடுங்க."

"அப்படி என்னம்மா பிடிவாதம்?"

"இந்த மருந்தைத்தான் பதினோரு நாள் ஏத்தினாங்க. கேக்கவே இல்ல" என்றாள், வட்டத்தை விட்டுக் கண்ணை எடுக்காமல். "நாற்பத்தேழு எங்க வீட்டுக்காரர் மேடம். ஒரே ஒரு தடவையாவது அவருக்கு மருந்து கேக்கிறதைப் பார்க்கணும்னு இருந்துச்சு."