நீலக் காரும் அதன் நிழலும்

நீலக் கார் தரையோடு தரையாகப் படுத்துவிட்டதுதான் தப்பு.

அது பந்தய வீடியோ கேமுக்குள் ஓடுகிற கார். தாழ்ந்து நின்றால் அழகு, வளைவில் பிடிப்பும் கூடும் என்று தன் ஸ்பிரிங்குகளை ஒட்ட அமுக்கிக்கொண்டது. வளைவில் பிடித்தது, உண்மைதான். ஆனால் பாதையில் ஒரு மேட்டுப் பாலம் இருந்தது. அங்கே வயிறு இடித்துச் சுவரில் போய் முட்டியது. இன்னொரு தடவை தோற்றால் விளையாடுகிறவள் அதை விற்றுவிடுவாள்.

பக்கத்தில் கண்ணாடி மாதிரி ஒரு நிழல் கார் ஓடும். தாழ்வதற்கு முன் நீலக் கார் ஓடிய ஓட்டத்தை கேம் பதிந்துவைத்துக் காட்டுவதுதான் அது. அதை முந்திவிட்டால் மறைந்துபோகும்.

"என்னம்மா, வயித்தால ரோட்டைக் கூட்டுறியா?" என்றது நிழல்.

"போட்டோவில எப்படி இருக்கேன் பாத்தியா?"

"ராணி மாதிரிதான் இருக்கே. பாலத்துக்குக் கண்ணு இல்லையே. ரெண்டு விரக்கடை எழும்பு."

"எழும்பினா உன்னை ஜெயிச்சிருவேன். நீ காணாமப் போயிருவே."

"போறேன் போ. நீ கடையில நிக்கிறதுக்கு அது தேவலை."

நீலக் கார் முனகிக்கொண்டே எழும்பியது. அடுத்த ஓட்டத்தில் வளைவிலும் வழுக்கவில்லை, பாலத்திலும் இடிக்கவில்லை. முடிவுக் கோட்டைத் தாண்டித் திரும்பிப் பார்த்தால் பக்கத்தில் யாரும் இல்லை.

"யாரு உன்னை நிமித்தினது?" என்று மற்ற கார்கள் மொய்த்துக்கொண்டன.

நீலக் கார் பக்கத்திலிருந்த வெறும் பாதையைப் பார்த்தது.

"தாழறதுக்கு முந்தி நான் ஒருத்தி இருந்தேனே, அவதான்."